கோத்தகிரியில் எட்டு மாதம் ஓடிய பூனை ஃபீடர்

காலை ஏழே முக்காலுக்கு வீட்டைப் பூட்டினால் திரும்பித் திறக்க இரவு ஏழாகும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் எட்டரை கூட ஆகிவிடும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கி அரைக்கிற ஃபேக்டரி என்பதால், கடைசி லாரி எப்போது வருகிறதோ அப்போது எடை போட்டு வவுச்சர் எழுதி முடித்தால்தான் கிளம்ப முடியும். வீட்டில் நான் ஒருத்தி, அப்புறம் மிளகு. வெள்ளை உடம்பில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள், நாலு வயது, ஆண், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவன், 4.2 கிலோ. நான் இல்லாத அந்தப் பன்னிரண்டு மணி நேரம் இவன் எப்படிச் சாப்பிடுவான் என்பதுதான் இரண்டு வருடமாக என் பெரிய கவலை.

கதவைத் திறந்து விட்டால் அவனே பார்த்துக்கொள்வான் என்று திருப்பூரில் இருக்கும் என் தங்கை சொல்வாள். அங்கே நடக்கலாம், இங்கே முடியாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம், அதற்குப் பின்னால் சோலைக்காடு. சிறுத்தை வந்தால் நாயும் பூனையும்தான் முதலில் காணாமல் போகும். வாசலில் ஒரு கிண்ணம் கருவாட்டுச் சோறு வைத்துவிட்டுப் போகலாம் என்றால் கரடி இருக்கிறது. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிக்குக் கருவாட்டு வாசம் தெரியாமல் போகுமா? அதனால் பூனை உள்ளேதான், சாப்பாடும் உள்ளேதான்.

அப்படித்தான் போன ஆகஸ்டில், வைத்த நேரத்துக்குத் தானாகச் சாப்பாடு போடும் ஒரு ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்கினேன், 5,200 ரூபாய். பிராண்ட் பெயர் எழுதவில்லை. ஒரே அச்சில் வார்த்த மெஷின் பல பெயர்களில் விற்கிறது, ஸ்டிக்கர்தான் வேறு, அதனால் பெயரைவிட அடையாளம் சொல்வது உங்களுக்கு உதவும். மேலே நாலு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதன் அடியில் ரப்பர் இதழ் வைத்த சுழலி, சரிவான ஒரு குழாய், முன்னால் எவர்சில்வர் கிண்ணம். அடாப்டரில் ஓடும், அடியில் மூன்று பெரிய பேட்டரிக் கட்டை போட இடம் உண்டு, நேரத்தையும் அளவையும் போனில் ஆப் வழியாக வைக்கலாம். இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள் விடாமல் ஓடியிருக்கிறது என்று சொல்ல ஆசைதான், நின்ற நாட்களும் உண்டு, அதைத்தான் கீழே விரிவாக எழுதப் போகிறேன்.

இதற்கு முன் காலையில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய ட்ரை ஃபுட் கொட்டிவிட்டுப் போவேன். மிளகு அதை நான் பஸ் ஏறுவதற்குள் பாதி தின்று, சரியாக மெல்லாமல் விழுங்கி, பாதி நாள் கட்டில் மேல் கக்கி வைத்திருப்பான். மிச்சம் கிண்ணத்தில் கிடப்பது மாலைக்குள் நமத்துவிடும், நமத்ததை அவன் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான், ஆக மத்தியானத்திலிருந்து நான் வரும்வரை பட்டினி. பூனையின் இயல்பு ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. எலி அளவு, குருவி அளவு என்று வேட்டையாடித் தின்ற உடம்பு அது. ஒரே வேளையாகக் கொட்டினால் எப்படித் தாங்கும்?

அடுத்து வீட்டுக்கார அம்மாவிடம் சாவி கொடுத்துப் பார்த்தேன். கீழ் வீட்டில் இருக்கிறார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், கண்டிப் பக்கம் பிறந்தவர். மிளகின் மேல் உயிர். "வெறும் கொட்டையைப் போட்டா வயிறு நிறையுமா கண்ணு" என்று பால் சோறு பிசைந்து வைப்பார், தனக்கு இடித்த மாசிச் சம்பலில், அதாவது காய்ந்த மீன் துவையலில், ஒரு விரல் தொட்டு அதன் மேல் வைப்பார். மாசி வாசத்துக்கு அவன் படியிறங்கி ஓடுவான். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். சம்பலில் சின்ன வெங்காயம் இருக்கிறது, வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், இதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் மெதுவாக உட்கார்ந்து பேசினோம். பூனைக்குச் சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். டாரின் என்று ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது, குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் வீங்கித் தளர்ந்துவிடும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1987-ல்தான் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகுதான் கேட் ஃபுட்டில் அதைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கொட்டையிலயே எல்லாம் இருக்குன்னு சொல்ற" என்றார். ஆமாம், முழு உணவு என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் இருக்கிறது. அது சரியான நேரத்தில், சரியான அளவில், நமக்காமல் விழ வேண்டும். அதற்குத்தான் மெஷின்.

முதலில் செட்டப். பெட்டியைப் பிரித்து ஒன்றரை மணி நேரம் ஆப் மெஷினைக் கண்டுபிடிக்கவே இல்லை. இந்த மாதிரி மெஷின்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். எங்கள் ரவுட்டரில் 2.4, 5 இரண்டும் ஒரே பெயரில் இருந்தன. ரவுட்டர் செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்தவுடன் இரண்டு நிமிடத்தில் சேர்ந்துவிட்டது. மெஷினோடு வந்த தாளில் இது பொடி எழுத்தில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள்.

அளவுதான் அடுத்தது, இதில் யாரும் ஏமாறக்கூடாது. ஆப்பில் கிராம் கிடையாது, "ஒரு பங்கு, இரண்டு பங்கு" என்றுதான் வைக்க முடியும். ஒரு பங்கு 10 கிராம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எங்கள் ஃபேக்டரியில் தூள் சாம்பிள் எடை போடும் சின்னத் தராசை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்து, இருபது தடவை கையால் பட்டனை அமுக்கி ஒவ்வொன்றாக எடை போட்டேன். ஒரு தடவை 6 கிராம், ஒரு தடவை 9, சராசரி 7.4. மெஷினின் தவறு என்று முழுசாகச் சொல்ல முடியாது, சுழலியின் ஒரு இதழில் எத்தனை ட்ரை ஃபுட் மணி அடங்குகிறது என்பது மணியின் உருவத்தைப் பொறுத்தது. நான் போடுவது முக்கோண மணி, நடுவில் காற்று நிறைய. உருண்டைப் பொடி மணி போட்டால் கனமாக விழும். எப்படியோ, பெட்டியை நம்பி ஐந்து பங்கு வைத்திருந்தால் 50 கிராம் கிடைக்கும் என்று நினைத்து 37 கிராம் கொடுத்துக்கொண்டிருப்பேன். வேறு மணி என்றால் இதற்கு நேர் எதிராக, தினம் கொஞ்சம் கூடுதலாகப் போய் ஆறு மாதத்தில் பூனை பானை மாதிரி ஆகியிருக்கும். வாங்கியவுடன் எடை போடுங்கள், பாக்கெட் மாற்றினால் மறுபடி எடை போடுங்கள், சமையல்கட்டுத் தராசே போதும்.

எங்கள் கணக்கு இப்படி: 4.2 கிலோ, வீட்டுக்குள்ளேயே இருக்கும், ஆபரேஷன் ஆன பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி. நான் போடும் ட்ரை ஃபுட் 100 கிராமுக்கு 370 கலோரி, ஆக ஐந்து பங்கு, 37 கிராம், அது 137 கலோரி. மிச்சத்துக்கு ஒரு பவுச் வெட் ஃபுட், காலையில் பாதி, இரவு பாதி, என் கையால். மெஷினில் பத்து மணிக்கு ஒரு பங்கு, ஒரு மணிக்கு இரண்டு, நாலு மணிக்கு ஒன்று, விடியற்காலை நாலரைக்கு ஒன்று. அந்த நாலரை மணிப் பங்குக்காகவே 5,200 ரூபாய் கொடுக்கலாம். முன்பெல்லாம் நாலே கால் ஆனால் என் மூக்கின் மேல் ஒரு கால் வைப்பான், எழுந்திருக்காவிட்டால் இரண்டாவது கால். இப்போது நாலே காலுக்கு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான். நான் ஆறு வரை தூங்குகிறேன்.

இனி ஈரம். இந்த மெஷினைச் சமவெளிக்காரர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்வார்கள், அவர்களுக்கு அது உண்மை. கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி. அக்டோபர், நவம்பரில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் சன்னல் சாத்தியிருந்தாலும் உள்ளே வரும், அலமாரியில் செருப்பு பூஞ்சை பிடிக்கும், தீப்பெட்டி பற்றாது. எங்கள் ஃபேக்டரியில் கொழுந்து உள்ளே வரும்போது அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ட்ரையரிலிருந்து தூளாக இறங்கும்போது ஈரம் சுமார் 3 சதவீதம், அந்த நிமிடத்திலிருந்து அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும், அதனால்தான் தூளை ஆறவிட்டு உடனே மூட்டை கட்டுகிறார்கள். ட்ரை ஃபுட்டும் அதே ஜாதிதான். வெட் ஃபுட்டில் முக்கால் பங்கு தண்ணீர், ட்ரை ஃபுட்டில் பத்து சதவீதம் போல. இது இத்தனை வருடம் கண் முன்னால் பார்த்த விஷயம், இருந்தும் ஆகஸ்டில் மெஷின் வந்தவுடன் நாலு லிட்டர் டப்பாவை விளிம்பு வரை நிரப்பினேன். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பிடித்தது. ஒன்றரை மாதத்துக்குக் கவலையில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒன்பதாவது நாள் மணியை விரலால் நசுக்கினால் நொறுங்கவில்லை, அமுங்கியது. மேலே இருப்பது பரவாயில்லை, குழாய்ப் பக்கத்திலிருந்து காற்று போகும் அடிமணிதான் முதலில் நமக்கிறது. எண்ணெய் சிக்கு வாடை. அப்போதே கொட்டிவிட்டு டப்பாவைக் காயவைத்து மறுபடி பாதி நிரப்பினேன். அந்தப் பாதியும் அதிகம் என்பது அக்டோபர் மூன்றாவது வாரம் தெரிந்தது. ஐந்து நாள் விடாத மழை, மஞ்சு. ஊறின மணி ஒன்றோடொன்று ஒட்டி டப்பாவின் அடியில் பாலம் மாதிரி நின்றுவிட்டது. சுழலி வெறுமனே சுற்றியிருக்கிறது, ஆனால் ஆப்பில் பத்து மணி, ஒரு மணி, நாலு மணி மூன்றுக்கும் "உணவு வழங்கப்பட்டது" என்று பச்சை டிக். அன்றைக்குப் பார்த்துக் கடைசி லாரி தாமதம். எட்டே முக்காலுக்குக் கதவைத் திறந்தால் கிண்ணம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, மிளகு குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். நான் வந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத் துணி மாற்றாமல் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து பவுச்சைப் பிரித்து ஊட்டினேன்.

விற்ற கம்பெனிக்கு போட்டோ அனுப்பினேன். "ஈரப்பதமான இடத்தில் வைக்க வேண்டாம்" என்று பதில். எங்கள் ஊரே ஈரப்பதமான இடம். புதுச் சுழலி அனுப்பச் சொன்னதற்கு மூன்று வாரம் ஆனது.

அதற்குப் பிறகு நான் செய்வது, இதுவரை ஒரு தடவைகூட அடைக்கவில்லை: நாலு நாளுக்கு மேல் நிரப்புவதில்லை, அதாவது 150 கிராம், டப்பாவின் அடிமட்டம்தான் மூடும். மிச்ச ட்ரை ஃபுட்டை அது வந்த பாக்கெட்டோடு வாய் சுருட்டி கிளிப் போட்டு, ஃபேக்டரியில் சாம்பிள் தூள் வைக்கும் இறுக்கமான தகர டின்னுக்குள் வைக்கிறேன். பாக்கெட்டிலிருந்து கொட்டி வைக்காதீர்கள், அந்த உறை எண்ணெய் கெடாமல் இருப்பதற்கென்றே செய்தது. டவுனில் சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோ, அரைக் கிலோ என்று கட்டி விற்கிறார்கள், அதை மழைக்காலத்தில் வாங்கவே வேண்டாம், கடையிலேயே பாதி நமத்திருக்கும். மூடியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை வைக்க ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்கு ஆரஞ்சு மணி உள்ள பை வாங்குங்கள். நீல மணி உள்ளதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது விஷம், பூனை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். நான் அதை ஃபேக்டரிக்கு எடுத்துப் போய் ட்ரையர் அண்ணனிடம் கொடுப்பேன், அவர் சூடான தகட்டின் ஓரம் ஒரு மணி நேரம் வைத்துத் தருவார், மறுபடி ஆரஞ்சு ஆகிவிடும். "பூனைக்கும் ட்ரையர் ஓட்டுறோம்மா" என்பார், ஆனால் ஒரு தடவைகூட மறந்ததில்லை. உங்கள் வீட்டில் ஓவன் அடுப்பு இருந்தால் குறைந்த சூட்டில் வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் புதுப் பை வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை.

கழுவுவது வாரம் ஒரு முறை. கிண்ணத்தைத் தினமும். டப்பாவும் சுழலியும் குழாயும் கழன்று வரும், கழுவுவது எளிது, காயவைப்பதுதான் பெரும்பாடு. குழாயின் வளைவில் ஒரு சொட்டு நின்றாலும் அடுத்த நாள் மணி அங்கே ஒட்டும். வெயில் வந்த ஞாயிறு என்றால் மாடியில், வராத ஞாயிறு என்றால் ஹேர் ட்ரையர்.

கரண்ட். எங்கள் பக்கம் காற்றுக் காலத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்தால் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் இருட்டு. நவம்பரில் முதல் தடவை அப்படி ஆனபோது ஆபீசில் ஆப்பைத் திறந்தேன், "ஆஃப்லைன்" என்று சிவப்பாகக் காட்டியது. எனக்குக் கை ஓடவில்லை, வீட்டுக்கார அம்மாவுக்கு போன் போட்டேன். அவர் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு படியேறி, சாவி எடுத்துவர மறந்து, கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். அப்போது சரியாக மத்தியானம் ஒரு மணி. "கர்ர்னு சுத்துது கண்ணு, கலகலன்னு விழுது, அவன் நொறுக்குறான், எனக்கே கேக்குது" என்றார். அப்போதுதான் புரிந்தது: நேரக் கணக்கு மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கிறது, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்ததால் ஆப்பில் மட்டும் தெரியவில்லை. நீங்கள் வாங்கும் மெஷின் இப்படித்தானா என்று முதல் ஞாயிறே சோதித்துவிடுங்கள், பிளக்கையும் பிடுங்கி ரவுட்டரையும் அணைத்துவிட்டு அடுத்த வேளை விழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேட்டரி ஆல்கலைனாக இருக்கட்டும். சாதா பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், உள்ளேயே ஒழுகி ஸ்பிரிங்கைத் துரு பிடிக்க வைக்கும். நான் போட்ட தேதியை மெஷின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

குரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஒரு நாள் சமையல்கட்டு சன்னலின் கொக்கி சரியாக விழவில்லை. வந்து பார்த்தால் மெஷினின் மூடி ஸிங்க்கில், டப்பா காலி, மிளகு பீரோ மேல் வால் புசுபுசுவென்று ஊதி உட்கார்ந்திருந்தான். பூனை திறக்க முடியாத மூடி என்று விளம்பரம், அது உண்மைதான், குரங்குக்கு அது பொருந்தாது. இப்போது டப்பாவைச் சுற்றி ஒரு சைக்கிள் டியூப் துண்டு மாட்டியிருக்கிறேன்.

குரல் பதிவு வசதி ஒன்று இருக்கிறது. பத்து நொடி பேசிப் பதிந்தால் ஒவ்வொரு வேளை விழும்போதும் நம் குரல் கேட்கும். "மிளகு, வாடா தங்கம், சாப்பிடு" என்று ஆசையாகப் பதிந்தேன். ஒரு விடுமுறை நாள் பக்கத்து அறையிலிருந்து பார்த்தேன். என் குரல் கேட்டவுடன் ஓடி வந்தான், கிண்ணத்தைப் பார்க்கவில்லை, மெஷினுக்குப் பின்னால் போய்ச் சுவருக்கும் அதற்கும் இடையில் தலையை விட்டுத் தேடினான், அப்புறம் வாசல் கதவு வரை போய்த் திரும்பி வந்தான். நான் இல்லாத ஒவ்வொரு நாளும் இதைச் செய்திருப்பான். அன்றே அணைத்துவிட்டேன். சுழலிச் சத்தமே அவனுக்குப் போதும்.

இனி சொல்லப் போவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். ஜனவரி இரண்டாவது வாரம். இரவு வந்தபோது கிண்ணத்தில் மணி மிச்சம் இருந்தது. பங்கு கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பவுச்சில் குழம்பை மட்டும் நக்கினான். குளிர், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் இரவு கிண்ணத்தில் மணி கூம்பாகக் குவிந்து குழாய் வாயைத் தொட்டது. ஆப்பில் இரண்டு நாளைக்கும் வரிசையாகப் பச்சை டிக், எல்லா வேளையும் வழங்கப்பட்டது. அள்ளித் தராசில் போட்டேன், 70 கிராம். இரண்டு நாளில் விழுந்ததே 74 தான். அவன் மெஷினிலிருந்து கிட்டத்தட்ட எதையும் தின்னவில்லை, நான் இரண்டு நாளும் ஆபீசில் ஆப்பைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

காலையில் லீவு சொல்லிவிட்டு கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து ஈறு சீழ் பிடித்திருந்தது, கடிக்க வலி. டாக்டர் என்னைத் திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர ஆரம்பிக்கும், ஈரலால் அதைக் கையாள முடியாது, மஞ்சள் காமாலை வரை போகும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் பார்க்கலாம், பூனை ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டாலே போன் பண்ணுங்கள் என்றார். ஊசி போட்டு, வலிக்கும் சீழுக்கும் மருந்து கொடுத்து, வெட் ஃபுட்டை வெந்நீரில் கரைத்து ஊட்டச் சொன்னார். மூன்றாவது நாள் தானாகச் சாப்பிட்டான். பத்து நாள் கழித்துப் பல்லை எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

எங்கள் ஃபேக்டரியில் தினமும் இரண்டு கணக்கு எழுதுவோம், கொழுந்து உள்ளே எத்தனை கிலோ, தூள் வெளியே எத்தனை கிலோ. நாலேகால், நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ கோளாறு என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த மெஷின் எழுதுவது ஒரே ஒரு கணக்கு, விழுந்தது எவ்வளவு என்பது. அதுவும் சுழலி சுற்றியதை வைத்து. தின்றது எவ்வளவு என்பதை அது பார்ப்பதே இல்லை. கேமரா வைத்த மாடல் இருக்கிறது, விலை இரண்டு மடங்குக்கு மேல், கரண்ட் போனால் அதுவும் தெரியாது. அதனால் இந்தக் கணக்கை நான் எழுதுகிறேன். தினமும் இரவு கிண்ணத்தில் மிச்சத்தை எடை போட்டு, காலண்டரில் அந்தத் தேதியில் பென்சிலால் ஒரு எண். பெரும்பாலும் 0, 2, 3. பத்துக்கு மேல் போனால் வாயைத் திறந்து பார்க்கிறேன், அவன் மலஜலம் கழிக்கும் மணல் தட்டையும் (லிட்டர் பாக்ஸ்) பார்க்கிறேன். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொள்ளலாம் என்பதால், அதை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவதை விடவே கூடாது. மணலில் மூத்திரக் கட்டி பெரிதாக இல்லாமல் பொட்டுப் பொட்டாக இருந்தாலோ, உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றும் வராமல் எழுந்தாலோ அன்றைக்கே டாக்டர், விடிந்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அது தொடர்பாகத் தண்ணீர். ட்ரை ஃபுட்டையே நம்பினால் பூனைக்குத் தண்ணீர் போதாது, குளிர்காலத்தில் தானாகவும் குடிக்காது. நான் பவுச்சின் ஒவ்வொரு பாதியிலும் மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலக்கிறேன், ஃப்ரிட்ஜில் வைத்த பாதி அப்படியே சூடேறி வாசமும் வரும். தண்ணீர்க் கிண்ணம் மூன்று, ஒன்று சன்னல் திட்டில், ஒன்றுகூட மெஷின் பக்கத்தில் கிடையாது. சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்தால் எங்கள் வீட்டில் அதிகம் குடிக்கிறான்.

வெட் ஃபுட்டுக்கென்று ஐஸ் கட்டி வைத்து மூடி திறக்கும் வட்டத் தட்டு ஃபீடரும் ஒரு தோழியிடமிருந்து வாங்கி இரண்டு வாரம் பார்த்தேன். பாதி விலைதான். காலையில் வைத்தது ஒரு மணிக்குத் திறக்கும்போது இந்தக் குளிருக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் மூன்றாவது நாளே மிளகு நகத்தால் மூடியை நெம்பக் கற்றுக்கொண்டான். அடக்கமான பூனை என்றால் அது நல்ல தேர்வு.

இரண்டு பூனை வைத்திருந்தால் இந்த மெஷின் வேண்டாம், யார் தின்றது என்று உங்களுக்கு எப்போதும் தெரியாது. இரண்டு நாள், மூன்று நாள் ஊருக்குப் போக மெஷின் இருக்கிறதே என்று நம்பி வாங்குவதும் வேண்டாம். காலையில் போய் இரவு வருகிறவர்கள், ஒரு பூனை, வீட்டில் ஒரு தராசு, வாரம் ஒரு முறை காயவைக்கப் பொறுமை, இவ்வளவு இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், மூடியில் ரப்பர் வளையம் இன்னும் இறுக்கமாக இருந்திருந்தால் நாலரை.

வீட்டுக்கார அம்மா இப்போது தினமும் இரண்டு மணிக்குப் படியேறி வந்து கிண்ணத்தைப் பார்க்கிறார். அது நானாகக் கேட்டதில்லை, ஜனவரிக்குப் பிறகு அவரே ஆரம்பித்தார். கிண்ணம் காலியாக இருந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால், மிச்சம் இருந்தால் இரண்டு. பால் கிடையாது, சம்பல் கிடையாது, வெங்காயம் போடுவதற்கு முன்னால் எடுத்து வைத்த ஒரு நகக்கண் அளவு மாசி மட்டும் உண்டு, அதற்கு நான் சரி சொல்லிவிட்டேன். மகள் வீட்டுக்கு மேட்டுப்பாளையம் போகிற நாட்களில் முதல் நாளே சொல்லிவிடுவார், அன்றைக்கு நான் கடைசி லாரியை ட்ரையர் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு ஆறரை பஸ் பிடிக்கிறேன்.